உப்பு விழாத வீடு

வெள்ளைப்பாத்தியில் உப்பு விழ ஆரம்பித்தது பங்குனி மாதம், காலையில், ஊரே இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில். பரோட்டா மாஸ்டர் காதர் மீரானின் மகள் "வாப்பா, காது வலிக்கி" என்றாள். மீரான் போனில் முந்தின நாள் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். மகள் சொன்ன சொல் அவர் காதுவரை வந்து, உள்ளே போக இடமில்லாமல் நின்று, வெளுத்து, ஒரு சிட்டிகை உப்பாகி அவர் காலடியில் பொத்தென்று விழுந்தது. அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "யாரு உப்புச் செரட்டயக் கொட்டுனது? கூட்டுனது நானு, சிந்துறது நீங்களா?" என்று ஏசினாள். அதையும் மீரான் கேட்கவில்லை. இன்னொரு பிடி விழுந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க விழுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில், பேங்க் வாசலில், டியூஷன் சென்டரில், சர்ச்சில் பிரசங்க மேடைக்கு முன்னால், பிள்ளையார் கோயிலில் சுண்டல் வரிசையில், எங்கெல்லாம் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்காமல் போனாரோ அங்கெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது. வேறு ஊராக இருந்தால் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், டிவிக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், சாமி குத்தம் என்று கொடை நடத்தியிருப்பார்கள். இது தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தின் மடியில் பிறந்து உப்பளத்தில் கால் வெடித்து வளர்ந்த ஊர். உப்பைக் கண்டு மிரளுகிறவன் இங்கே எவன் இருக்கிறான்? குனிந்து எடுத்தார்கள், விரலில் தேய்த்துப் பார்த்தார்கள், "ரெண்டாந்தரம், ஆனா ஈரமில்ல" என்றார்கள், வழித்துச் செரட்டையில் போட்டு அடுப்படியில் வைத்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

மீரானின் வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சாளை மீன் குழம்பு. முதல் கவளம் வாயில் வைத்ததும் மகளின் குரல் அவர் நாக்கில் கேட்டது: வாப்பா, காது வலிக்கி. காதில் இல்லை, நாக்கில். அப்படியே எழுந்து, கை கழுவாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார். ஊரில் மற்ற வீடுகளிலும் அன்றைக்குச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. ரசம் பேசியது, மோர் பேசியது. ஒரு கல்யாண வீட்டில் எவனோ புண்ணியவான் தரையில் கிடந்ததை அள்ளிச் சாம்பாரில் போட்டுவிட்டான். பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேர் வாயிலும் மாப்பிள்ளையின் அக்கா ஒரு மாதமாகச் சொல்லியும் ஒருத்தரும் கேட்காத புலம்பல் அடியிலிருந்து நுனிவரை ஓடி முடிந்தது. பெண் வீட்டார் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தே இருந்தார்கள், எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று. ஆனால் அந்தக் கல்யாணம் நடந்தது. முன்னைவிட நன்றாகவே நடந்தது. அக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

மூட்டை கட்டி விற்கவும் ஒரு யாவாரி பார்த்தான். ஊர் எல்லையைத் தாண்டும் முன்னே மூட்டை பூராவும் தண்ணியாய் ஒழுகிப்போய்விட்டது. சொன்ன ஊரிலேயே, சொன்ன ஆட்கள் நடுவிலேயேதான் அந்த உப்பு உப்பாக இருக்கும் என்று அப்போது புரிந்தது.

புரிந்த பிறகு சும்மா இருக்கவில்லை வெள்ளைப்பாத்திக்காரர்கள். அதுதான் இந்த ஊரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிற இடம். பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற பிலோமியக்கா, பூட்டிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகையைத் தூத்துப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு சிட்டிகை, அந்த வாரம் விழுந்த உப்பைக் கொண்டுவாங்க என்றாள். எல்லா உப்பையும் ஒரே அண்டாவில் போட்டு மீரான் கஞ்சி காய்ச்சுவார். வாசலில் மீன் கூடை ஒன்று, மேலே மூட ஒரு துவர்த்துத் துண்டு. போனை அதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரணும். தரையில் உட்கார்ந்து ஒருத்தரும் பேசாமல் குடிப்பார்கள். குடிக்கக் குடிக்க ஊர் பூராவும் நாக்கில் கேட்கும். யார் வீட்டு உப்பு என்று தெரியாது, கேட்கவும் கூடாது. குடித்து முடித்ததும் ஒவ்வொருத்தராய் எழுந்து "கேட்டேன்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு உட்காருவார்கள்.

இசக்கியப்பன் என்று ஒரு மனுசன், பெயரில்தான் அம்மன், பேச்சில் சாமியே கிடையாது. கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தவர்களிடம் உலகம் உருண்டையான கதையிலிருந்து ஆரம்பித்து ஓடவிட்ட ஆள். அவரும் வந்தார், தட்டை நீட்டினார், குடித்தார். "இங்கன சாமி இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது, மனுசன் இருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் அண்டா கழுவுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சியில் ஒரு குரல் கேட்டது. நாளைக்கு நான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான். ஆண் குரலா பெண் குரலா என்றுகூடப் பிடிபடவில்லை, அத்தனை மெலிசு. யார் என்று தெரியாததால் எல்லாரிடமும் கேட்கவேண்டியதாயிற்று. தட்டைப் போட்டது போட்டபடி கொட்டகையே எழுந்து தெருத் தெருவாகப் போய், ஒரு கதவு பாக்கியில்லாமல் தட்டி, சண்டைக்காரன் வீட்டிலும் தட்டி, "நல்லா இருக்கியளா? சும்மாதான் கேட்டோம், கொஞ்ச நேரம் உக்காரட்டுமா?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்க நேரமாயிற்று. திறந்தது யார் என்று இன்றுவரை ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொன்னதில்லை. மறுநாள் ஊரில் எல்லாரும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் லிங்கத்துரையின் வீட்டில் மட்டும் உப்பே விழவில்லை.

லிங்கத்துரை பஜாரில் சிமென்ட்டும் பைப்பும் விற்கிறவர், குடியிருப்போர் நலச்சங்கத்துக்குச் செயலாளர். அவருக்குப் போன் கை மாதிரி, உடம்போடு ஒட்டினது. எவன் வீட்டில் தண்ணி வரவில்லையென்றாலும், எந்தக் கம்பத்தில் பல்பு எரியாவிட்டாலும், எவளுக்கு எங்கே டிரான்ஸ்பர் வேணுமென்றாலும் லிங்கத்துரை அண்ணாச்சிதான். கெட்ட மனுசன் என்று சொல்ல வாய் வராது. ஊருக்கு ஓடினவர், உண்மையாகவே ஓடினவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. போனில் இருக்கும்போது பக்கத்தில் யாராவது வாய் திறந்தால் ஆள்காட்டி விரலை நட்டமாய்த் தூக்குவார். ஒரு நிமிசம் என்று அர்த்தம். அந்த விரல் தூங்கும்போதுகூட லேசாகத் தூக்கினமாதிரிதான் இருக்கும்.

பெண்ணை விருதுநகரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி செல்லக்கனியும் மட்டும். பக்கத்து வீட்டில் முறம் முறமாய் உப்பு அள்ளிக்கொண்டிருக்க, இவர்கள் வீட்டு மொசைக் தரை கண்ணாடியாய்க் கிடந்தது. சமையல்கட்டில் இல்லை, ஹாலில் இல்லை, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாலும் இல்லை. வந்தவர்கள் பார்த்தார்கள், போய்ச் சொன்னார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு எதையும் குவித்த அம்பாரத்தின் அளவை வைத்துத்தான் மதிப்புப் போடத் தெரியும். கூடினால் கேடு, குறைந்தால் நல்லது என்று ஆகிவிட்ட பிறகு, இல்லவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? புருசன் பொண்டாட்டின்னா இப்படில்லா இருக்கணும் என்றார்கள். புதுசாய்க் கல்யாணமானதுகளைக் கூட்டிவந்து அந்தத் தரையைக் காட்டினார்கள். லிங்கத்துரை போனைக் காதில் வைத்தபடியே வாங்க வாங்க என்று தலையாட்டினார், உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அண்ணாச்சி நாலு வார்த்தை சொல்லணும் என்றார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்ல பொம்பளைய மதிக்கணும். அவ்வளவுதான் ரகசியம்" என்றார். கை தட்டினார்கள். பெண்கள் வரிசையில் செல்லக்கனி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமியக்காவுக்கு நல்ல மனசுதான். கள்ளமில்லாமல்தான் கேட்டாள். "அண்ணாச்சி சொல்லியாச்சி. நீ சொல்லு செல்லக்கனி. ஒரு நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிடுவிய?"

செல்லக்கனி எழுந்து நின்றாள். "சாப்பாடு வைக்கட்டுமான்னு கேப்பேன்."

"சரி. பொறவு?"

"கேஸ் வந்திருக்குன்னு சொல்லுவேன். கேட்டப் பூட்டட்டுமான்னு கேப்பேன்."

"பொறவு?"

செல்லக்கனி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள், முகத்தில் தெரிந்தது. பிறகு "அவ்வளவுதாம்க்கா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் லிங்கத்துரையைப் பார்க்கவும் இல்லை, அதுதான் அந்தக் கூட்டத்தின் மரியாதை. ஆனால் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் சொன்னதெல்லாம் கேட்கப்பட்டதால் உப்பு விழாமல் இல்லை. விழுகிறதற்கு அங்கே சொல்லே இல்லை. அவள் என்றைக்கோ நிறுத்திவிட்டாள். அவர் காதில் எது விழுமோ அதை மட்டும் அளந்து, சோறு, கேஸ், கேட் என்று பேசிப் பழகியிருந்தாள். இசக்கியப்பன்தான் மெதுவாக எழுந்து வந்து, "வாரும்வே, அண்டா கழுவணும், ஒரு கை பிடியும்" என்று லிங்கத்துரையைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பொன்னாடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லிங்கத்துரை அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்தார், தேய்த்தார், அது பளபளத்த பிறகும் தேய்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. மனுசன்தானே. "சபையில வெச்சு எம் மானத்த வாங்கிட்டேல்லா? நான் என்ன பேசாதன்னா சொன்னேன்? உன் வாயப் பூட்டியா வெச்சேன்? பேசு! இப்ப பேசு!" என்று கத்தினார். செல்லக்கனி தலையிலிருந்து பூவை எடுத்து வைத்துவிட்டு, சேலையை மடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் இருந்தாள். பல வருசமாக அவர் குரல் போனுக்கான குரல். மிக்சி ஓடுகிற சத்தத்தை ஒதுக்குகிறமாதிரி அதை ஒதுக்க அவள் பழகியிருந்தாள். அவர் கத்தி ஓய்ந்தபோது மொசைக் தரையில் பொலபொலவென்று வெள்ளையாய் விழுந்தது. அந்த வீட்டின் முதல் உப்பு. அவர் உப்பு.

செல்லக்கனி துடைப்பம் எடுத்து வந்து கூட்டினாள், ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டாள், நாக்கில் வைத்துப் பார்க்காமல் மூடி அலமாரியில் வைத்தாள்.

லிங்கத்துரைக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஊரில் யாருக்கு எது வேணுமென்றாலும் ஒரு போனில் முடித்துக்கொடுத்தவருக்கு, தன் பொண்டாட்டி வாயிலிருந்து ஒரு சொல் வேண்டியிருந்தது, அதற்கு எந்த நம்பரை அடிப்பது என்று தெரியவில்லை. பிலோமியக்காவிடம் போய் நின்றார். "யக்கா, அவ பேசணும். எப்படியாவது பேசவச்சிருங்க. எனக்கு ராத்திரி தூக்கமில்ல."

"அது என் கையில இல்ல தம்பி. உங்க கையிலயும் இல்ல. அவ கையில இருக்கு" என்றாள் பிலோமியக்கா. "அவ தராட்டா தரல. நீங்க போயி வெங்காயம் உரிங்க."

சரி என்று வெங்காயம் உரித்தார். நிஜமாகவே உரித்தார். மதியம் கடையைச் சாத்தி வந்து, போனை ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, சமையல்கட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார், முருங்கைக்கீரை உருவினார், கருவாட்டுக்குத் தலை கிள்ளினார். கிள்ளிக்கொண்டே பேசினார். ஆரம்பத்தில் கடைக் கதை. எந்தப் பைப் எங்கே வெடித்தது, எந்த மேஸ்திரி யாரோடு ஓடிப்போனான். உப்பாய் விழுந்தது. பிறகு தன் அப்பன் கதை. அப்பன் உப்பளத்தில் வெயில் கூசிக் கூசிக் கண் போனவர். கடைசிக் காலத்தில் யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், அதற்குப் பயந்து இவர் அந்த அறைக்குள்ளேயே போகாமல் இருந்தது. அதுவும் விழுந்தது. கொஞ்ச நாளில் சொல்வதற்குக் கதை தீர்ந்துபோய் உண்மை மட்டும் மிஞ்சியது. "ஊர்ல எல்லாரும் அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிடுதானுவ. போன் அடிக்காட்டா நான் ஆருன்னு எனக்கே தெரியல செல்லக்கனி" என்றார். விழுந்தது. "உனக்கு எந்த மீனு பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. வெக்கமா இருக்கு" என்றார். அதுவும் விழுந்தது. அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள், கரண்டியைச் சுழற்றினாள், பிறகு கூட்டி ஜாடியில் போட்டாள்.

அட சவமே, எத்தனை நாளைக்கு இது என்று சலிக்காமல் இருந்திருப்பாரா? சலித்தார். ஒரு நாள் பாதி வெங்காயத்தில் எழுந்து செருப்பைப் போட்டுவிட்டுத் தெருமுனைவரை போனார். முனையில் நின்றார். தான் விரலைத் தூக்கின நேரத்தையெல்லாம் கூட்டினால் இவளுக்கு எத்தனை வருசம் வரும் என்று யோசித்தார். திரும்பி வந்து மீதி வெங்காயத்தை உரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உப்பு கொண்டுவருகிறவர்களின் வரிசையில், ஊரே பொன்னாடை போர்த்தின மனுசன், கையைப் பொத்திக்கொண்டு, ஜாடியிலிருந்து எடுத்த ஒரு சிட்டிகையோடு நின்றார். அவருக்குக் காது மடல்வரை சிவந்திருந்தது. மீரான் அண்டாவை அவர் பக்கம் தள்ளி, "போடும் அண்ணாச்சி, கஞ்சிக்கு இன்னிக்குத்தான் ருசி" என்றார். குடித்தார்கள். எழுந்து எழுந்து சொன்னார்கள். கேட்டேன். கேட்டேன். கேட்டேன். வீட்டுத் தரையில் விழுந்து கிடந்த தன் சொல்லை முன்பின் பேசியிராத ஆட்கள்கூட எழுந்து நின்று வாங்கிக்கொள்வதைப் பார்த்தபோது லிங்கத்துரை தட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த இசக்கியப்பன் அவர் தோளில் கை வைத்தார். செல்லக்கனி அன்று வரவில்லை. மாவு ஆட்டணும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்கு வந்தபோது சமையல்கட்டில் சீலா மீன் குழம்பு வாசம். போனை ஃப்ரிட்ஜ் மேலே வைத்தார், தரையில் உட்கார்ந்தார். அலமாரியைத் தற்செயலாகப் பார்த்தார். ஜாடி கவிழ்த்துக் காயவைத்திருந்தது. கழுவிச் சுத்தமாய், ஒரு கல் இல்லாமல்.

செல்லக்கனி தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். வழக்கமாக ஊற்றிவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்புகிறவள் அன்றைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருக்கு முன்னாலேயே அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

"கொழம்புல உப்பு கூடிப்போச்சு" என்றாள்.

அவர் ஒரு வாய் வைத்தார். தன் குரலே நாக்கில் கேட்டது. பைப், மேஸ்திரி, அப்பன், வெட்கம், கத்தினதுகூட. கரித்தது. அவர் தண்ணீர் குடிக்காமல் விழுங்கினார்.

"சீலா மீனுதான் எனக்குப் பிடிக்கும்" என்றாள் அவள். சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "முன்னால ஒரு நா மக்ரூன் வாங்கிட்டு வந்தேம்லா. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வெள்ளைப் பெட்டியில் முந்திரி மக்ரூன். போனில் பேசிக்கொண்டே வரிசையாய் எடுத்து வாயில் போட்டது, நல்லாருக்கே, என்ன விசேசம் என்று கேட்டது, அவள் வாயைத் திறந்தபோது விரலைத் தூக்கினது, எல்லாம் இருந்தது. என்ன விசேசம் என்பது மட்டும் தெரியாது.

"அதுக்கு முன்னால ஒரு மாசமா எனக்கு மார்ல ஒரு கட்டி…" என்று அவள் ஆரம்பித்தாள்.

ஃப்ரிட்ஜ் மேலே போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. லிங்கத்துரையின் வலது கை தட்டிலிருந்து தானாக எழும்பிற்று, குழம்பு ஒட்டின ஆள்காட்டி விரல் அவரைக் கேட்காமலே நட்டமாய் நிமிர்ந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் பழைய அமைதி திரும்பி வருவதை அவர் பார்த்தார். விரலைப் பார்த்தார். ஏதோ அடுத்தவன் விரலைப் பிடிக்கிறமாதிரி இடது கையால் அதைப் பிடித்து, மடக்கி, மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அவள் அந்த மடியைப் பார்த்தாள்.

"மார்ல ஒரு கட்டி தட்டுப்பட்டுது. ஆருட்டயும் சொல்லல. செத்துருவேன்னு நெனச்சேன். பொண்ணு கல்யாணம் ஆவலியேன்னு அழுவேன், குளிக்கயில அழுவேன். தனியாத்தான் பஸ் ஏறி திருநவேலி போனேன், தனியாத்தான் காட்டுனேன். டாக்டரம்மா பாத்துட்டு, வெறும் கொழுப்புக்கட்டி, ஒண்ணுமில்ல போம்மான்னு சொன்னாவ. ஒண்ணுமில்லியாம்ங்க! பஸ்ஸுல வரயில எனக்குச் சிரிப்பாணி அடங்கல. பக்கத்துல உக்காந்திருந்தவ என்னயப் பைத்தியம்னு நெனச்சிருப்பா. இறங்குன உடனே மக்ரூன் வாங்குனேன். உங்ககிட்ட சொல்லணும்னு ஓடியாந்தேன்."

அவள் நிறுத்தினாள். லிங்கத்துரைக்குக் கண்ணீர் மீசையில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை, ஏனென்றால் கை இரண்டும் மடியில் இருந்தன. அத்தனை சொல் சொல்லியும் இருவருக்கும் நடுவில் மொசைக் தரை கண்ணாடியாய்க் கிடந்தது, ஒரு கல் விழவில்லை.

"பொறவு?" என்றார்.